கழித்தல் குறி

மஹேபூரிலிருந்து ஒரு வரிப் புகார்,
கிரியோலில்:
'உங்கள் புயல் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.'
கீழே பெயர், ஸில்வியோ. தொழில், பேருந்து ஓட்டுநர்.

எபென் ஒன்பதாம் மாடியில்
எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.
பேருந்து நேரம் சொல்லும் செயலியின் மூலையில்
இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு புள்ளிக்குள்
ஓர் எச்சரிக்கைச் சின்னம்.
அது எந்தப் பக்கம் சுற்றினால் என்ன?

மதியம்
தால் பூரியின் எண்ணெய் விரலில் இருக்க
முழங்கையால் விசையைத் தட்டி
செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன்.
நம் கடல் மேல் வெண்மேகம்
கடிகார முள்ளோடு சேர்ந்து நடக்கிறது.
எங்கள் சின்னமோ
முள்ளை எதிர்த்து.

ஹெல்சிங்கியில் யாரோ
தன் ஊர்க் காற்றைப் பார்த்து வரைந்த
இலவசக் கோப்பு அது.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை,
அங்கே அதுதான் நேர்.

திருப்பி ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம்.
ஆனால் எனக்குப் படம் போதாது.
ஒன்றாம் வகுப்பென்றால் சோம்பலாக,
மூன்றென்றால் மூச்சிரைக்க,
ஒற்றை எண்ணைக் கொடுத்தால்
தானே புரிந்துகொண்டு சுழலும் ஒன்று வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன்.
நடுவே கண், ஆரம் மூன்று.
அதற்குள் எதையும் வரையாதே.
வெளியிலிருந்து உள்ளே வளையும் கை:
ஆரம் குறையக் குறையக்
கோணம் கூட வேண்டும்.
கோணம் கூடினால் இடம்சுழி
என்று வக்வா பள்ளியில் படித்த கணக்கு
மணிக்கட்டிலேயே இருந்தது.
எனவே கவனமாக, பெருமையாகக்கூட,
முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன்.

ஓட்டினேன்.
மறுபடி ஹெல்சிங்கி.

அடைப்புக்குறிகளைச் சந்தேகித்தேன்.
உலாவியைச் சந்தேகித்தேன்.
ஒரு மணி நேரம் கழித்து
காபிக் கோப்பையோடு வந்த மிரேய் அப்பாவு
நின்றபடியே சொன்னாள்:
'திரையில ஒய் கீழ்நோக்கிப் போகும், தெரியாதா?'

தெரியும்.
பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.
பூச்சியம் மேல் மூலையில்,
எண்கள் கீழே இறங்க இறங்கப் பெருகும்,
தாளில் இடம்சுழிப்பது
கண்ணாடியில் வலம்சுழிக்கும்.
தெரிந்தது உதவவில்லை, அவ்வளவுதான்.

கழித்தல் குறியை அழித்தேன்.
சின்னம் ஒருமுறை துடித்து
நம் கடலைப் போலச் சுற்றத் தொடங்கியது.
அப்படியானால் உலகத்துத் திரைகள் எல்லாம்
பிறந்ததிலிருந்தே தென்கோளத்தில்தான் இருக்கின்றன.
குறி தேவைப்பட்டது வடக்கே இருப்பவருக்கு.
மிரேயிடம் இதைச் சொன்னேன்.
'காபி ஆறுது' என்றாள்.

பிறகு சில்லறை வேலைகள்.
பதினாறு புள்ளியில் கண் அடைத்துப்போகிறது,
அங்கே இரண்டு கைகளை வெட்டினேன்.
நிறம் என்று தனியாக இல்லை,
பக்கத்து எழுத்து என்ன உடுத்தியிருக்கிறதோ அதுவே.
அசைவைப் பார்த்தால் தலைசுற்றும் என்று
தன் பேசியில் சொல்லிவைத்தவருக்கு
அது சுற்றாது,
சாய்ந்து நிற்கும்.

பிப்ரவரியில் உண்மையாகவே வந்தது.
மூன்றாம் வகுப்பு, பேருந்துகள் நின்றன.
வக்வா வீட்டில் பலகை அடித்த ஜன்னல்,
சார்டீன் டப்பா, மின்சாரம் இல்லை,
பேசியில் பதினெட்டு சதவீதம்.
காற்று முதலில் தெற்கிலிருந்து கதவை இடித்தது.
விடியும்போது மேற்கிலிருந்து.
சிக்னல் எப்போதோ செத்துவிட்டது,
கடைசியாக வந்த மூன்றை நம்பிக்கொண்டு
இருட்டில் என் சின்னம் மட்டும்
மூச்சிரைத்துக்கொண்டே இருந்தது.
நிறுத்தும் விதியை நான் எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகம் திறந்தது.
மஹேபூரிலிருந்து ஒரு வரி,
இந்த முறை கொஞ்சம் நீளம்:
'பக்கம் சரி. கண்தான் சிறிசு.
எங்களுக்கு நாற்பது நிமிஷம் கிடைத்தது,
நாயை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தேன்.'

மூன்றை அழித்து
நான்கு என்று போட்டேன்.